கைப்பேசிக்கு ஒரு கவசம்

என் தாயாருக்கு வயது 72. சென்ற ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு நாள், "எனக்குக் காது போயிடுச்சுடா, போன்ல யார் பேசினாலும் கிணத்துக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்கு" என்றார். வெளியூரில் இருக்கும் என் தங்கை பேசினால், "சரி, சரி" என்று இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வைத்துவிடுவார். சில வாரங்களில் மணி அடித்தாலும் எடுப்பதில்லை. வீட்டில் நாங்கள் பேசுவது அவருக்கு நன்றாகவே கேட்டது. போனில் மட்டும் ஏன் கேட்கவில்லை என்று எங்களில் ஒருவரும் யோசிக்கவில்லை. வயதானால் காது மந்தமாவது இயல்புதானே என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம்.

காது மருத்துவர் சோதனை செய்து பார்த்தார். வயதுக்கு உரிய குறைவுதான், போனில் பேச முடியாத அளவுக்கு இல்லை என்றார். பிறகு தாயாரின் கைப்பேசியை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். அதன் மேலிருந்த கெட்டியான உறையைச் சிரமப்பட்டுக் கழற்றி எடுத்தார். "இப்ப பேசிப் பாருங்கம்மா" என்று அவர் கையில் கொடுத்தார். நான் வெளியே வராந்தாவில் நின்று பேசினேன். "ஏன்டா இப்படிக் கத்தற?" என்றார் தாயார்.

அந்த உறையை வாங்கிக் கொடுத்தவன் நான்தான். "மாடியிலிருந்து போட்டாலும் ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி வாங்கினேன். அது அதே நிறுவனத்தின் வேறொரு மாதிரிக்காகச் செய்யப்பட்டது. எப்படியோ பொருந்திக்கொண்டது. ஆனால் காதருகே ஒலி வெளிவரும் மெல்லிய கீற்றின் பாதியை அதன் விளிம்பு மூடியிருந்தது. கருவிக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கருவி எதற்காக இருக்கிறதோ அந்த வேலை மட்டும் நின்றுபோயிருந்தது.

கடையில் 'பேக் கவர்' என்று கேட்டு வாங்குகிறோமே, அந்த உறையைப் பற்றித்தான் இக்கட்டுரை. அது கைப்பேசியை எவ்வாறு காக்கிறது, காக்கும்போது எதையெல்லாம் மறைக்கிறது என்பதை நீங்கள் அறிந்துகொண்டால், என்னைப்போல் ஏமாற மாட்டீர்கள்.

ஒரு மீட்டர் வீழ்ச்சி

கைப்பேசி பெரும்பாலும் எங்கிருந்து விழுகிறது? சட்டைப் பையிலிருந்தும் கையிலிருந்தும்தான். உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்த ஒரு மீட்டரைக் கடக்க அதற்கு அரை விநாடிகூட ஆவதில்லை. தரையைத் தொடும்போது அதன் வேகம் விநாடிக்கு 4.4 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 16 கிலோமீட்டர். நிதானமாகச் செல்லும் சைக்கிளின் வேகம்தான். இதற்கா இவ்வளவு பெரிய சேதம் என்று தோன்றும்.

சேதத்தைத் தீர்மானிப்பது வேகம் மட்டுமன்று. அந்த வேகம் எவ்வளவு தூரத்துக்குள் அடங்குகிறது என்பதே முக்கியம். கட்டடம் கட்டும் இடத்தில் கீழிருந்து ஒருவர் செங்கல்லை வீச, சாரத்தின் மேல் நிற்பவர் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல் கையில் பட்டதும் அவர் கையைக் கல்லோடு சேர்த்துச் சற்றுப் பின்னுக்கு இழுக்கிறார். கையை விறைப்பாக நீட்டிக்கொண்டு பிடித்தால் விரல் முறிந்துவிடும். கல்லின் வேகம் இரண்டு முறையிலும் ஒன்றுதான். அது அடங்குவதற்குக் கிடைத்த தூரம்தான் வேறு.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். 200 கிராம் எடையுள்ள கைப்பேசி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து சிமெண்டுத் தரையில் விழுகிறது. மோதும் இடம் 0.2 மில்லிமீட்டர் மட்டுமே நசுங்கி, அதற்குள் கைப்பேசி நின்றுவிடுகிறது என்று கொள்வோம். ஒரு மீட்டரில் பெற்றதை 0.2 மில்லிமீட்டரில் இழக்க வேண்டும். தூரம் 5000இல் ஒரு பங்கு. ஆகவே அதன் மேல் செயற்படும் சராசரி விசை அதன் எடையைப்போல் 5000 மடங்கு, அதாவது ஒரு டன் எடை. அதே கைப்பேசி 2 மில்லிமீட்டர் அமுங்கிக்கொடுக்கும் உறைக்குள் இருந்தால், விசை எடையைப்போல் 500 மடங்காகக் குறைகிறது; 100 கிலோகிராம் எடைக்குச் சமம். உண்மையான வீழ்ச்சியில் கைப்பேசி துள்ளும், சுழலும், வளையும். கணக்கு இவ்வளவு எளிதாக இராது. ஆயினும் இரண்டு மில்லிமீட்டர் மென்மை பத்தில் ஒன்பது பங்கு அடியை வாங்கிக்கொள்கிறது என்ற அடிப்படை மாறுவதில்லை.

இந்த விசை முதலில் தாக்குவது கண்ணாடியை. இன்றைய கைப்பேசிக் கண்ணாடி சன்னல் கண்ணாடியைப் போன்றதன்று. அதை ஏறத்தாழ 400 டிகிரி செல்சியசில் உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் வெளியேற, அவற்றைவிடப் பருத்த பொட்டாசியம் அயனிகள் அந்த இடங்களில் புகுந்து நெருக்கியடித்து உட்காருகின்றன. கூட்டமான பேருந்தில் ஒல்லியானவர்கள் இறங்கிப் பருமனானவர்கள் ஏறிக்கொண்டால் எப்படியோ, அப்படி. இந்த நெருக்கம் மேற்பரப்பை எப்போதும் அழுத்தத்திலேயே வைத்திருப்பதால், விரிசல் வாய் திறப்பது கடினமாகிறது. 2007இல் வந்த முதல் ஐபோனிலிருந்து இவ்வகைக் கண்ணாடி பரவியது. ஆனால் நெருக்கம் மேற்பரப்பில் மிக மெல்லிய அளவுக்குத்தான். ஆழமான ஒரு கீறல் அதைத் தாண்டிவிட்டால் போதும், அடுத்த வீழ்ச்சியில் அங்கிருந்தே உடையும். அந்தக் கீறலைப் போடுவது பெரும்பாலும் சாவியோ நாணயமோ அன்று. கண்ணுக்குத் தெரியாத மணல். மணலிலுள்ள குவார்ட்சு கண்ணாடியைவிடக் கடினமானது. உறைக்கும் கைப்பேசிக்கும் இடையே புகுந்த மணல் வெளியேற வழியின்றி அங்கேயே தேய்த்துக்கொண்டிருக்கும். மாதம் ஒரு முறை உறையைக் கழற்றித் துடைப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தேங்காயும் தலைக்கவசமும்

'கெட்டியான உறைதான் நல்ல உறை' என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. மேலே கண்ட கணக்கு இதை ஏற்கவில்லை. அமுங்காத ஓர் உறை கைப்பேசியை இறுகப் பற்றியிருந்தால், உறை நின்ற கணத்திலேயே கைப்பேசியும் நிற்க வேண்டும். தரை கொடுத்த அடியை அது அப்படியே உள்ளே அனுப்பிவிடும்.

அப்படியானால் கடினத்துக்குப் பயனே இல்லையா? உண்டு. இரு சக்கர வண்டியில் போகும்போது நாம் அணியும் தலைக்கவசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே கடினமான ஓடு. உள்ளே தெர்மோகோல் போன்ற தடித்த மெத்தை. கூரிய கல் ஒன்றின் மேல் தலை மோதினால், ஓடு அந்த ஒரு புள்ளியின் விசையைப் பரந்த இடத்துக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மெத்தை நசுங்கி, தலை நிற்பதற்குத் தூரம் தருகிறது. ஓடு பங்கிடுகிறது, மெத்தை தாமதப்படுத்துகிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று அரைக் கவசமே. நம் ஊர்த் தென்னையோ இதைத் தலைகீழாகச் செய்திருக்கிறது. வெளியே நார், உள்ளே ஓடு. பல மீட்டர் உயரத்திலிருந்து தொப்பென்று விழும் நெற்றுக்குள் பருப்பு சிதையாமல் இருப்பதற்கு அந்த நார் மட்டைதான் காரணம். மட்டை உரித்த தேங்காயைக் கல்லில் ஓங்கிப் போட்டால் என்ன ஆகும் என்பதைக் கோயில் வாசலில் பார்க்கிறோம்.

கைப்பேசி உறைகளிலும் இவ்விரு பொருள்களே கலந்து வருகின்றன. விறைப்பான பகுதி பெரும்பாலும் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். மென்மையான பகுதி டி.பி.யு. எனப்படும் ரப்பர் போன்ற பாலியூரிதேன் அல்லது சிலிக்கோன். வெயில் பட்டு மஞ்சளாகும் கண்ணாடி போன்ற உறை டி.பி.யு.தான், மஞ்சளாவது ஒளியால் ஏற்படும் வேதி மாற்றமேயன்றி அழுக்கன்று, ஆகையால் சோப்பு போட்டுத் தேய்த்துப் பயனில்லை. நல்ல உறையில் நான்கு மூலைகளிலும் மென்பொருள் சற்றுத் தடித்திருக்கும், அல்லது காற்றறை விட்டிருக்கும். கைப்பேசி தட்டையாக விழுவதைவிட மூலையில் விழும்போதுதான் அடி ஒரே இடத்தில் குவிகிறது. திரையைச் சுற்றி விளிம்பு சற்று உயர்ந்திருப்பதும் தேவை. கவிழ்ந்து விழுந்தால் தரையைத் தொடுவது விளிம்பாக இருக்குமே தவிரத் திரையாக இராது.

சில உறைப் பெட்டிகளின் மேல் 'இராணுவத் தரம்' என்று அச்சிட்டிருப்பார்கள். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 'மில்-எஸ்டிடி-810' என்னும் சோதனை முறையைக் குறிக்கிறது. 1962இல் முதன்முதலாக வெளிவந்து, பல முறை திருத்தப்பட்டது. அதன் வீழ்ச்சிச் சோதனைகளில் ஒன்று சுவையானது. ஒரு பெட்டிக்கு 6 பக்கங்கள், 12 விளிம்புகள், 8 மூலைகள்; கூட்டினால் 26. கைக்கருவியை 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து ஒவ்வொன்றின் மேலும் ஒரு முறை விழுமாறு 26 முறை போடுகிறார்கள். ஆனால் விழும் தரை வெறும் சிமெண்டு அன்று. சிமெண்டின் மேல் பரப்பிய 5 சென்டிமீட்டர்த் தடிப்புள்ள ஒட்டுப்பலகை. மேலும் 26 வீழ்ச்சிகளையும் ஒரே கருவி தாங்க வேண்டியதில்லை. ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ளலாம். அமெரிக்க இராணுவம் எந்த உறைக்கும் சான்றிதழ் கொடுப்பதில்லை. தயாரிப்பாளரே சோதித்து, தயாரிப்பாளரே அச்சிட்டுக்கொள்கிறார். சோதனை பயனற்றது என்று நான் சொல்லவில்லை. உங்கள் வீட்டு வாசலில் இருப்பது ஒட்டுப்பலகையா, கருங்கல்லா என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

அந்தச் சோதனையில் இல்லாதது ஒன்று உண்டு. உறையோடு அந்தக் கருவியைப் பயன்படுத்த முடிகிறதா என்று அது கேட்பதே இல்லை.

உறைக்குள் அடைபடுபவை

கைப்பேசியை வெளியிலிருந்து பார்த்தால் வழவழப்பான ஒரு பலகை. உண்மையில் அது எல்லாப் பக்கமும் வாயும் காதும் கண்ணும் உள்ள பிராணி. மேலே காதுக்குரிய ஒலிக்கீற்று. அடியில் ஒலிவாங்கிக்கு ஊசித்துளை அளவில் ஓர் ஓட்டை. பல கைப்பேசிகளில் மேற்புறத்திலோ பின்புறத்திலோ இன்னொரு சிறு துளை இருக்கும், அதுவும் ஒலிவாங்கிதான். சந்தை இரைச்சலைக் கேட்டு, உங்கள் குரலிலிருந்து அந்த இரைச்சலைக் கழித்து அனுப்புவது அதன் வேலை. உறை அதை மூடிவிட்டால், வீட்டுக்குள் பேசும்போது குறையே தெரியாது. பேருந்து நிலையத்தில் மட்டும் எதிர்முனையில் உள்ளவர் "ஒன்றும் புரியவில்லை" என்பார். குற்றம் உறையின் மேல் என்று யாருக்குத் தோன்றும்?

ஒலிக்கீற்றின் அருகே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் உணரி பல கைப்பேசிகளில் உண்டு. காதில் வைத்ததும் திரை அணைவது இதனால்தான். உறையின் விளிம்பு அதன் எதிரே நீட்டிக்கொண்டிருந்தால், கைப்பேசி காதில் இருப்பதாகவே உணரி எண்ணிக்கொள்ளும். பேசி முடித்து வைக்கலாம் என்று பார்த்தால் திரை இருண்டே கிடக்கும்.

திரையையும் சேர்த்து மூடும் கடின உறைகள் சில உண்டு. மழைக்கும் தூசிக்கும் நல்லவை. ஆனால் அவற்றில் எழுத்தைத் தொட்டால் ஒரு முறைக்கு இரு முறை அழுத்த வேண்டியிருக்கும். காரணம் இதுதான். திரை உங்கள் விரலின் அழுத்தத்தை உணர்வதில்லை. விரல் அருகே வரும்போது மின்தேக்குத் திறனில் ஏற்படும் மிகச் சிறிய மாற்றத்தை உணர்கிறது. மின்புலத்தைக் கடத்துவதில் காற்றைவிடக் கண்ணாடி ஏறத்தாழ 7 மடங்கு மேலானது. ஆகவே மேல் மூடிக்கும் திரைக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் காற்று இடைவெளி இருந்தாலும், திரையின் மேல் மூன்றரை மில்லிமீட்டர் கண்ணாடியைக் கூடுதலாக வைத்தது போலாகிறது. கண்ணாடித் தாளை நேரடியாகத் திரையில் ஒட்டும்போது இந்தத் தொல்லை வராததற்குக் காரணம், நடுவே காற்று இல்லாததுதான்.

வானொலி அலைகளுக்குப் பிளாஸ்டிக்கும் ரப்பரும் பெரிய தடையல்ல. உலோகம் தடை. உலோகத் தகடு வைத்த அழகிய உறைகளில் கைப்பேசி கோபுரத்தோடு பேச முடியாமல் திணறும். குரலை உயர்த்திப் பேசுவதுபோல் தன் ஒலிபரப்பின் ஆற்றலைக் கூட்டும். பேட்டரி விரைவில் தீரும். இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்றுண்டு. 2010 ஜூனில் வெளிவந்த ஐபோன் 4இல், கருவியைச் சுற்றியிருந்த எஃகுப் பட்டையே அலைவாங்கி. ஒரு குறிப்பிட்ட இடத்தில் கை பட்டால் அலைவலிமை குறைந்தது. கூச்சல் எழுந்தது. ஜூலை 16 அன்று நிறுவனம் ஒரு தீர்வை அறிவித்தது: வாங்கியவர்களுக்கு இலவசமாக ஓர் உறை. ரப்பரும் பிளாஸ்டிக்கும் கலந்த அந்தப் பட்டை, கையை எஃகிலிருந்து பிரித்து வைத்தது, அவ்வளவுதான். உறையால் கெடுவதும் உண்டு, உறையால் தேறுவதும் உண்டு.

மூடியுள்ள உறைகளில் மூடி ஒட்டிக்கொள்ளக் காந்தம் வைக்கிறார்கள். கைப்பேசிக்குள் திசை காட்டும் உணரி இருக்கிறது. அது அளக்க வேண்டிய பூமியின் காந்தப்புலமோ மிக நலிந்தது. பக்கத்திலேயே ஒரு காந்தம் உட்கார்ந்திருந்தால், வரைபடத்தில் அம்புக்குறி வடக்கு என்று எதையோ காட்டும். புதிய ஊரில் வழி தேடுபவர் இதைக் கவனிக்க வேண்டும்.

வெப்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். நம் ஊர்ச் சித்திரை வெயில் அப்படிப்பட்டது. கணினியில் உள்ளது போன்ற விசிறி பெரும்பாலான கைப்பேசிகளில் இல்லை. உள்ளே உண்டாகும் சூடு முதுகின் வழியாகவும் திரையின் வழியாகவுமே வெளியேற வேண்டும். பாலிகார்பனேட் வெப்பத்தைக் கடத்தும் திறன் அலுமினியத்தின் திறனில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்கு. உறைக்கும் முதுகுக்கும் இடையில் சிக்கிய காற்றோ இன்னும் மோசமான கடத்தி. தடித்த உறையோடு மின்னேற்றம் செய்வதும், செய்துகொண்டே படம் பார்ப்பதும், காய்ச்சலில் இருப்பவருக்குக் கம்பளி போர்த்துவது போலத்தான். கைப்பேசி தன்னைக் காத்துக்கொள்ள மின்னேற்றத்தை மெதுவாக்கும், திரையை மங்கச் செய்யும். அடிக்கடி சூடாகும் லித்தியம் அயனி பேட்டரி விரைவில் மூப்படையும். மின்னேற்றும்போது முதுகு கையில் சுட்டால், உறையைக் கழற்றி வைத்துவிடுங்கள். செலவில்லாத வைத்தியம்.

வீட்டுக்கு வீடு உணவு கொண்டு தரும் இளைஞர்கள் கைப்பேசியை வண்டியின் கைப்பிடியில் கடினமான பிடிகருவிக்குள் இறுக்கிச் செல்கிறார்கள். அதுவும் ஒருவகை உறைதான். வெயிலோடு, இயந்திரத்தின் அதிர்வும் அதன் வழியே நேராக உள்ளே போகிறது. படம் நடுங்காமல் இருக்க ஒளிப்படக் கருவியின் வில்லையை மிதக்க விட்டிருக்கும் கைப்பேசிகளில் இந்த அதிர்வு அந்த அமைப்பைக் கெடுக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் எச்சரித்தது. அதிர்வை உறிஞ்சும் ரப்பர் இடையே உள்ள பிடிகருவி நல்லது.

நழுவாமை

உறையின் வேலை விழுந்த பின்புதான் தொடங்குகிறது என்று நினைக்கிறோம். விழாமல் பார்த்துக்கொள்வதே அதன் முதல் வேலை. வழவழப்பான கடின உறை வியர்த்த கையில் சோப்புக்கட்டி போல் நழுவும், சிலிக்கோன் பற்றிக்கொள்ளும். தடிப்பும் எடையும் கூடினால் சிறிய கைகள் அதைச் சுற்றிப் பிடிக்க முடியாது. கட்டைவிரல் திரையின் மறுகோடிக்கு எட்டாது; எட்டுவதற்காகப் பிடியைத் தளர்த்தி நகர்த்தும் அந்தக் கணத்தில்தான் கைப்பேசி நழுவுகிறது. 200 கிராம் கருவிக்கு 100 கிராம் உறை போட்டால், விழும்போது வரும் ஆற்றலும் ஒன்றரை மடங்காகிறது. அதிகக் கவசம் அணிந்த வீரன் தடுக்கி விழுவது போன்ற கதை இது.

மின்சாரப் பணியாளர்கள் வைத்திருக்கும் மல்டிமீட்டரைக் கவனித்திருக்கிறீர்களா? சுற்றிலும் பளிச்சென்ற நிறத்தில் தடித்த ரப்பர் உறை. திருகுக்குமிழும் கம்பி செருகும் துளைகளும் முழுவதும் திறந்தே இருக்கும். பின்னால் ஒரு கால். மேசையில் சாய்த்து நிறுத்தலாம். கையுறை அணிந்த கையோடும் பிடிக்கலாம். கருவியையும் உறையையும் ஒன்றாக வைத்து யோசித்தவர்கள் செய்த பொருள் அது. கைப்பேசி உறைகளில் அந்த யோசனையை அரிதாகவே பார்க்கிறேன்.

கடையில் என்ன செய்யலாம்? பணம் கொடுக்குமுன் உறையை மாட்டி, அங்கிருந்தே வீட்டுக்கு ஒரு முறை பேசுங்கள். கண்ணால் பார்க்காமல் ஒலி கூட்டும் பொத்தானையும் அணைக்கும் பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். திரையின் ஓரத்திலுள்ள எழுத்துகளைத் தட்டுங்கள். உயர்ந்த விளிம்பு விரலைத் தடுக்கிறதா என்று தெரியும். மின்னேற்றும் முனை முழுவதும் உள்ளே போகிறதா? இருட்டான மூலையில் விளக்கொளியோடு ஒரு படம் எடுங்கள். படத்தில் வெண்புகை படர்ந்திருந்தால் உறையின் ஓட்டை சிறியது. மாதிரி எண்ணைக் கடைசி எழுத்துவரை ஒப்பிடுங்கள். 'இதுவும் அதுவும் ஒன்றுதான் சார்' என்பதை ஏற்காதீர்கள். இவை எல்லாவற்றையும் வாங்குபவர் செய்தால் போதாது, பயன்படுத்துபவர் செய்ய வேண்டும். என் கட்டைவிரலுக்கு இளகிய பொத்தான், முடக்குவாதம் உள்ள என் தாயாரின் விரலுக்கு இளகவில்லை என்பதை நான் பிறகுதான் அறிந்தேன்.

அவருடைய கைப்பேசிக்கு இப்போது மெல்லிய சிலிக்கோன் உறை. அதன் மேல் அவரே தைத்த, நாடா வைத்த ஒரு துணிப்பை. பேசும்போது பையிலிருந்து எடுத்துப் பேசுகிறார், முடித்ததும் உள்ளே போட்டு நாடாவை இழுத்துவிடுகிறார். இரண்டு முறை திண்ணையிலிருந்து விழுந்தது, ஒன்றும் ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கையோடு அரை மணிக்குக் குறையாமல் பேசுகிறார்.